கொய்யாவைத் தேடிய மூன்று வாரங்கள்

வேலை முடிந்து வந்த பின் மாலை நேரங்களில் நான் பங்களித்துவரும் கட்டற்ற அகராதிச் செயலி ஒன்றுக்குச் சென்ற ஆண்டு ஒரு வழு (பிழை) அறிக்கை வந்தது. பழைய பதிப்பில் கிடைத்த ‘கொய்யா’ புதிய பதிப்பில் தேடினால் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நான் தட்டச்சு செய்து பார்த்தேன். சொல் உடனே வந்தது. ‘என் கணினியில் சரியாக இருக்கிறது’ என்று எழுதி மூடிவிடக் கை துறுதுறுத்தது. அறிக்கையில் இருந்த சொல்லை அப்படியே நகலெடுத்து ஒட்டியபோதுதான் என் திரையும் வெறுமையாயிற்று.

இரு சொற்களுக்கும் கண்ணுக்கு வேறுபாடே இல்லை. பைட்டுகளை எண்ணியபோது என் ‘கொ’ 6 பைட்டும் அறிக்கை அனுப்பிய பயனருடைய ‘கொ’ 9 பைட்டும் இருந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடு தரத்தில் இந்த எழுத்தை ககரம், ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். அக்குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு பிடிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணில் படும் வரிசையிலேயே முதலில் கொம்பைத் தட்டுவோம். அக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளில் சில, கொம்பை ககரத்துக்குப் பின்னே நகர்த்துவதோடு நின்றுவிடும். அதைக் காலோடு சேர்த்து ஒரே குறியாக்குவதில்லை. அவர் நகலெடுத்த கட்டுரை அப்படி மாற்றப்பட்டதாம்.

இரு வடிவங்களும் நிகரானவை என்று யூனிகோடே வரையறுத்து, ஒன்றாக்கும் இயல்பாக்க முறையையும் தந்திருக்கிறது. பழைய பதிப்பு அதைச் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். எந்த மாற்றத்தில் அது நின்றது என்று தேட, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளையை எடுத்தேன். அது ஒவ்வொரு முறையும் தேடல் பரப்பைப் பாதியாக்குவதால், இடைப்பட்ட ஏறத்தாழ 1,000 கமிட்டுகளுக்கு (பதிந்த மாற்றங்களுக்கு) 10 சோதனைகள் போதும். கணக்கில் போதும்தான், என் மடிக்கணினியில் செயலியை ஒருமுறை கட்டமைக்க 12 நிமிடம் ஆகும், நடுவில் இரண்டு கமிட்டுகள் கட்டமைக்கவே மறுத்தன. நள்ளிரவு தாண்டி அகப்பட்ட கமிட்டின் குறிப்பு ‘தேடலை விரைவாக்குதல்’. ஒவ்வொரு தேடலிலும் எல்லாச் சொற்களையும் இயல்பாக்குவது மெதுவாக இருந்ததால், அந்த வரியையே நீக்கியிருந்தார்கள். ஆங்கிலச் சொற்களுக்கு இதனால் ஒரு குறையும் வராது. ஆகவே ஆங்கிலச் சொற்களையே பார்த்த தானியங்கிச் சோதனைகள் அனைத்தும் பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, இருந்தன.

திருத்தம் நான்கு வரி: அகரவரிசைக் கோப்பை உருவாக்கும்போது சொற்களை ஒருமுறையும், தேடும்போது உள்ளீட்டை ஒருமுறையும் இயல்பாக்குதல். சோதனைக்காக இரு வடிவங்களிலும் ‘கொய்யா’ என்றே பெயரிட்டு இரண்டு கோப்புகளைச் சேர்த்து அனுப்பினேன். லினக்ஸிலும் விண்டோஸிலும் தேறிய சோதனை மேக்கில் மட்டும் விழுந்தது. என்னிடம் மேக் இல்லாததால், ஒரு வரி மாற்றுவது, தானியங்கிச் சோதனைக்கு அனுப்புவது, அரைமணி காத்திருப்பது என்று நான்கு மாலைகள் போயின. கடைசியில் தவறு என்னுடையது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமை இவ்விரு பெயர்களையும் ஒன்றாகவே கருதுவதால், என் இரண்டு கோப்புகளில் ஒன்றுதான் அங்கே மிஞ்சியிருக்கிறது. செயலி செய்யத் தவறியதை வட்டு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது! கோப்புப் பெயர்களை எண்களாக மாற்றினேன்.

பிறகு பரிசீலனை. மாற்றங்களை ஏற்கும் பொறுப்பிலுள்ள பராமரிப்பாளர் வேகக் கணக்கைக் கேட்டார், கொடுத்தேன். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவரும் சம்பளமின்றி இரவில் உட்கார்ந்து படிப்பவர்தான். கமிட்டில் ஒப்புதல் வரி இல்லையென்று ஒருமுறை திரும்பியது. அதற்குள் முதன்மைக் கிளை மாறிவிட்டதால் என் மாற்றத்தை அதன் புதிய நிலையின் மேல் பொருத்தி (ரீபேஸ் செய்து) மீண்டும் அனுப்பினேன். மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை திருத்தம் இணைக்கப்பட்டது.

புதிய பதிப்பை நிறுவிப் பார்த்துவிட்டு அதே பயனர் எழுதினார்: ‘கொய்யா வந்துவிட்டது, நன்றி. ஸ்ரீரங்கம் வரவில்லை.’ 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶகரம் (ஶ) சேர்க்கப்பட்டபின் ஸ்ரீயையும் ஸகரம் கொண்டு, ஶகரம் கொண்டு என இரு விதமாக எழுத முடிகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இவை நிகரானவை என்று யூனிகோடு வரையறுக்கவில்லை, எனவே இயல்பாக்கம் இங்கே உதவாது. அதற்குப் புதிய வழு எண் ஒன்றைத் திறந்து, என் பெயரையே அதன் பொறுப்பில் போட்டுக்கொண்டேன்.