ஒரு லாரி எத்தனை ஹெக்டேர்?

மணல் கடத்தல்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் சொல்ற ஒரே தீர்வு "சட்டத்த கடுமையாக்கணும் சார்". எனக்கு இதக் கேட்டாலே எரிச்சலா வரும், ஏன்னா ஏற்கனவே கடுமையாக்கி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 1957-ல வந்த நம்ம கனிம சட்டத்துல 21-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, முன்னாடி அதுல அதிகபட்ச தண்டனையே ரெண்டு வருஷ ஜெயில், 25,000 ரூபா ஃபைன், அவ்ளோதான். 2015 திருத்தத்துல அத அஞ்சு வருஷமாக்கி, ஃபைன ஹெக்டேருக்கு 5 லட்சம் வரைக்கும்னு ஏத்திட்டாங்க. படிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே பிரிவுதான் லைசன்ஸ் இல்லாம தோண்டுறவனுக்கும், நடைச்சீட்டு, அதாவது ஒவ்வொரு லோடுக்கும் குடுக்கிற அனுமதிச் சீட்டு, இல்லாம மண்ண லாரில ஏத்திட்டுப் போறவனுக்கும் சேத்து. ரோட்டுல நிக்கிற ஒரு டிப்பர் லாரி எத்தனை ஹெக்டேர்னு யாராவது கணக்குப் போட்டு சொன்னா தேவல :)

சரி, நான் சொல்ல வர்றது வேற. சட்டத்துல ஓட்டை எங்கன்னா தண்டனைல இல்ல, தண்டனைக்குப் போற வழியில. 22-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அரசு அதிகாரம் கொடுத்த ஆள் எழுத்துல புகார் கொடுத்தாதான் கோர்ட் இந்த சட்டத்துல கேஸையே எடுக்க முடியும், நீங்களோ நானோ போட்டோ எடுத்துட்டுப் போயி நேரா கேஸ் போட முடியாது. அடுத்து 23ஏ, அதாவது அதிகாரி சொல்ற தொகைய கட்டிட்டா குற்றத்த அதோட முடிச்சுக்கலாம், வண்டி வெளிய வந்துரும். அப்போ இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துல திருட்டு கேஸ் தனியா போடலாம்னு சுப்ரீம் கோர்ட் 2014-லயே சொல்லிருச்சு, கனிம சட்டத்துல பணம் கட்டி முடிச்சாலும் அந்த திருட்டு கேஸ் போகாதுன்னு 2020-ல இன்னொரு தீர்ப்பும் வந்துச்சு. ஆனா புடிபட்டது ஒரு லோடுதானே, திருட்டும் அந்த ஒரு லோடுக்குத்தான். அவனுக்கு அந்த ஃபைன் டீசல் செலவு மாதிரி ஒரு செலவு.

உண்மையிலேயே பல் இருக்கிற இடம் 21(5). அனுமதி இல்லாம எடுத்த கனிமத்தோட முழு விலையையும் அரசு திரும்ப வசூல் பண்ணலாம், 2017-ல ஒடிசா இரும்புத்தாது வழக்குல சுப்ரீம் கோர்ட் இத சும்மா பேருக்கு இல்லாம நூறு சதவீதமும் வாங்குங்கன்னே சொல்லிருச்சு. ஆனா முழு விலைய வாங்கணும்னா எவ்ளோ எடுத்தான்னு தெரியணுமே! இங்கதான் எல்லாம் நிக்குது. குவாரிக்கு எத்தனை மீட்டர் ஆழம்னு பர்மிட்ல தெளிவா எழுதியிருக்கும், உள்ள இறங்கி அளக்குற ஆள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வர்றாங்களாங்கறதுதான் கேள்வி. ஒரே நடைச்சீட்ட வச்சு நாலு நடை ஓட்டுறது, சவுடு மண்ணுன்னு, அதாவது பள்ளத்த நிரப்புற சாதாரண மண்ணுன்னு பர்மிட் வாங்கிட்டு கீழ இருக்கிற ஆத்து மணல அள்ளுறது, இதெல்லாம் இந்த தொழில்ல யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன. சீட்டுல இருக்கிற கணக்கும் குழில இருக்கிற கணக்கும் சேரவே சேராது, யாராவது குழிய அளந்தா மட்டும்தான் அது வெளிய வரும்.

அளந்தா என்ன ஆகும்னும் பார்த்தோம். தமிழ்நாட்டு ஆத்து மணல் விவகாரத்துல அமலாக்கத்துறை கான்பூர் ஐஐடிய வச்சு அளந்துட்டு, எடுத்த மணலோட மதிப்பு 4,730 கோடி, அரசு கணக்குல வந்த வருமானம் 36.45 கோடின்னு சொன்னாங்க. அவங்க நோக்கத்துல அரசியல் இருந்துச்சா இல்லையாங்கற சண்டைய விடுங்க, அந்த நம்பர யாராவது தப்புன்னு அளந்து காட்டணும்ல. அது நடக்கல. 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட் அந்த ஒப்பந்ததாரர்கள் மேல இருந்த நடவடிக்கைய ரத்து பண்ணுச்சு, காரணம் என்னன்னா கனிம சட்டத்தோட 21-வது பிரிவு பணமோசடி தடுப்புச் சட்டத்தோட அட்டவணைலயே, அதாவது அமலாக்கத்துறை கை வைக்கக்கூடிய குற்றங்களோட பட்டியல்லயே இல்ல. தீர்ப்பு சட்டப்படி சரிதான், அட்டவணைல இல்லாதத கோர்ட் எப்படி சேக்கும், சேக்க வேண்டியது பார்லிமென்ட்.

மதுரை கிரானைட் குவாரி முறைகேடும் இதே கதைதான். 2012-ல கலெக்டரா இருந்த சகாயம் எழுதின கடிதத்துல ஆரம்பிச்சு, 2014-ல ஹைகோர்ட்டே அவர விசாரணை ஆணையரா போட்டு, 2015-ல ரிப்போர்ட் குடுத்து, அதுல இழப்பு ஒரு லட்சம் கோடிக்கு மேலன்னு வந்தும் ஆச்சு. அந்தப் பணத்துல எவ்ளோ திரும்ப வந்துச்சுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நடுவுல மாட்டிக்கிறது கீழ்மட்ட ஆளுங்க. 2023 ஏப்ரல்ல முறப்பநாடு பக்கம் ஒரு விஏஓவ அவர் ஆபீஸ்லயே வச்சு வெட்டிக் கொன்னாங்க, மணல் கடத்தலப் பத்தி போலீஸ்ல புகார் குடுத்ததுக்காக. அந்த கொலைக்கு அஞ்சு மாசத்துல ஆயுள் தண்டனை வந்துருச்சு, நல்ல விஷயம், ஆனா அதே வேகத்துல ஒரு மணல் கேஸ் முடிஞ்சு நான் படிச்சதில்ல. 2025 ஜனவரில திருமயம் பக்கம் கல்குவாரிகளுக்கு எதிரா மனு மேல மனு குடுத்த ஒருத்தர் லாரி மோதி செத்தார், முதல்ல விபத்துன்னாங்க, அப்புறம் கொலை கேஸாச்சு. மனுவ குடுக்குறவன் பேரு குவாரிக்காரனுக்கு தெரியாம பாத்துக்க இந்த சட்டத்துல ஒரு வரி கூட கெடையாது.

என்ன கேட்டா, லைசன்ஸ் குடுத்து அதுல காசும் வாங்குற அதே கனிமவளத்துறை கைல குழிய அளக்குற வேலைய வுடக்கூடாது. வருஷத்துக்கு ரெண்டு தடவ ட்ரோன் சர்வே, அது வெளி ஆளு கைல, ரிசல்ட்ட சர்வே நம்பரோட அப்படியே ஆன்லைன்ல போடணும், நடைச்சீட்டு கணக்கையும் பக்கத்துலயே போடணும். ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா 21(5) நோட்டீஸ் தானா போகணும், நடுவுல எந்த அதிகாரியும் 23ஏ-வ கைல எடுக்கக்கூடாது.