டெர்பூட்டலின் இன்ஹேலருக்கு விலக்கு வாங்கப் பட்ட பாடு

விளையாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்தை நோய்க்காக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் மருத்துவ விலக்குக் கடிதம் ஒருவழியாக வந்துவிட்டது. சைக்கிள் பந்தயத்துக்குப் போகிற ஆஸ்துமாக்காரர்கள் யாராவது இனி விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், எனக்கு எங்கெல்லாம் இழுத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சால்புட்டமால் இன்ஹேலருக்கு விலக்கு தேவையில்லை. 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமையும், எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐயும் தாண்டாமல் இருந்தால் சரி. எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டர் டெர்பூட்டலினுக்கு மாற்றினார். அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் இருக்கிறது. மூச்சுவிட முடியாமல்தான் இழுத்தோம் என்றாலும், விலக்கு இல்லாமல் சிறுநீரில் தெரிந்தால் ஊக்கமருந்துக் குற்றம்தான். 2016 பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் சைமன் யேட்ஸ் மாட்டியது இதே மருந்தில். விண்ணப்பிக்காமல் விட்டவர் அணியின் மருத்துவர். நான்கு மாதத் தடையை அனுபவித்தவர் யேட்ஸ். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயம்.

படிவத்தில் நம் பக்கம் பெயரும் பிறந்த தேதியும்தான். டாக்டர் பக்கம்தான் உயிர்நாடி. என் டாக்டர், 'ஆஸ்துமா, டெர்பூட்டலின் அவசியம்' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இது போதுமா சார் என்றேன். "நான் எழுதினா போதாதா?" என்றார். போதவில்லை; விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. நோய் எப்போதிலிருந்து இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட மருந்துகளில் எதைக் கொடுத்துப் பார்த்தார்கள், அது ஏன் பலிக்கவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். கூடவே ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் சோதனையின் அறிக்கை.

அந்த ஸ்பைரோமெட்ரியை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. இன்ஹேலரை நிறுத்திவிட்டு, நெஞ்சு இறுகிப் போய்த்தான் ஆய்வகத்துக்கே போக வேண்டும். ஊதச் சொன்னார்கள், ஊதினேன், கிளம்பச் சொன்னார்கள். மருந்து கொடுத்து மறுபடி ஊத வைக்க வேண்டுமே, அந்த வித்தியாசம்தானே ஆஸ்துமாவுக்குச் சான்று என்றேன். "சீட்டில அப்படி எழுதலையே" என்று பதில் வந்தது. புதுச் சீட்டு வாங்கி, மறுபடி மருந்தை நிறுத்தி, மறுபடி மூச்சுத் திணறல். 'மருந்துக்கு முன்னும் பின்னும்' என்று சீட்டில் எழுதியிருக்கிறதா எனப் பார்க்காமல் டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

இன்னொன்று. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழு 21 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் எல்லாத் தாளும் சேர்ந்த பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். பந்தயத்துக்கு 30 நாள் முன்னால் அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் அதற்கும் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

கடைசியில் ஒரு நுரையீரல் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். அப்புறம் குழுவிடமிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

கடிதம் வந்ததும் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் சரிபாருங்கள். தேசிய அமைப்பு கொடுத்த விலக்கு, சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ.யின் சர்வதேசப் பந்தயங்களுக்குத் தானாகச் செல்லாது. அங்கே தனியாக ஏற்பு வாங்க வேண்டும். பந்தயம் முடிந்து சோதனைக்கு அழைத்தால், படிவத்தில் டெர்பூட்டலினைக் கட்டாயம் எழுதி, கடிதத்தின் நகலைக் காட்டுங்கள்.