பழைய பைக்கின் பெட்ரோல் டேங்குக்குள் ஏறிய துரு

ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்றில், செங்கோட்டை, புளியரைப் பக்கத்து வீடுகளில் இரும்புச் சாமான் எதுவும் உலர்ந்திருப்பதில்லை. பெருமழை கொட்டாத நாளிலும் சாரல் விடாது. ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, மண்வெட்டி என்று எல்லாவற்றிலும் ஏறுகிற துரு, கண்ணுக்குத் தெரியாமல் பைக்கின் பெட்ரோல் டேங்குக்குள்ளும் ஏறிக்கொண்டிருக்கிறது. டேங்க் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்புவது ஈரம் நிறைந்த வெளிக்காற்றுதான். இரவில் தகரம் குளிரும்போது அந்த ஈரம் துளித்துளியாகப் படிந்து வழிந்து, பெட்ரோலைவிட நீர் கனமானது என்பதால், அடியில் போய்த் தங்கிவிடுகிறது. பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிக்குத் துருப்பிடிக்க வேறு காரணமே தேவையில்லை.

இந்த ஊர்ப் பக்கத்தில் பழைய வண்டிகளைக் காப்பாற்றி ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது தென்மலையில் வேலை பார்த்த மாமா கொடுத்த யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான அந்த வண்டிக்கு நல்ல பழைய டேங்க் கிடைப்பது இப்போது எளிதில்லை; கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். எனவே இருக்கிற டேங்கைக் காப்பாற்றுவதே அறிவுடைமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

துரு ஏறியிருப்பதை வண்டியே சொல்லிவிடும். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டால் மட்டும் ஓடும், சோக்கை எடுத்தால் திணறும், ரிசர்வில் போட்டதும் இழுவை குறையும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றினால் கிண்ணத்தின் அடியில் செம்பொடி படிந்திருக்கும். அந்தப் பொடி, குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் மயிரிழைத் துளையை அடைக்கும். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசியின் முனையில் ஒட்டிக்கொண்டால் ஊசி சரியாக உட்காராமல் பெட்ரோல் வழியத் தொடங்கும். கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும், மேலே இருக்கும் டேங்கைக் கவனிக்காதவரை அடைப்பு திரும்பத் திரும்ப வரும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது என் டேங்கில் தெளிவாக ஒரு கோடு தெரிந்தது. பெட்ரோல் நின்ற மட்டத்துக்கு மேலே முழுக்கச் செம்மண் நிறம். கீழே பழைய பெட்ரோல் காய்ந்த பிசின். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் இருக்கும் இடது மூலையில் மட்டும் நகத்தால் சுரண்டினால் செதிலாக உரிகிற கறுத்த துரு. சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்தே நிற்பதால், உள்ளே சேர்ந்த நீரெல்லாம் அந்த மூலைக்குத்தான் போயிருக்கிறது.

இப்போதைய பெட்ரோலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்தே பிரிந்து அடியில் தேங்கும். தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய தொல்லை தராது. சாரல் சீசன் முழுவதும் திண்ணையில் நிற்கும் வண்டிக்குத்தான் இது கேடு.

துருவை எடுக்க ஊரில் முதலில் சொல்லப்படும் வழி ஆசிட். செங்கோட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் அதை அடியோடு மறுத்தார். “தம்பி, கக்கூசுக்கு ஊத்துத ஆசிட்ட மட்டும் உள்ள ஊத்திராதிய. துருவும் போவும், கூடவே தகரமும் போவும்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவைக் கரைத்த கையோடு அடியில் இருக்கும் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். தகடுகள் சேரும் மடிப்புக்குள் புகுந்துகொண்டால் எவ்வளவு அலசினாலும் முழுதாக வெளியேறாது. மெல்லிய தகட்டில் ஊசித்துளைகள் விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

நான் நம்பிப் பரிந்துரைப்பது பலசரக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை. அது வலுக்குறைந்த அமிலம்; துருவில் உள்ள இரும்பைப் பிடித்துக் கரைசலில் நிறுத்திக்கொள்ளும், நல்ல தகட்டை மெதுவாகத்தான் தொடும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் அவசரம் கூடாது. டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோலைத் திறந்தவெளியில் வடித்து, டேப்பைக் கழற்றி அந்த வாயை ரப்பர் வைத்த தகட்டால் இறுக்கி மூட வேண்டும். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட, வடித்துவிட்டு ஆவி மட்டும் நிற்கும் டேங்க் அதிக ஆபத்தானது என்பதை மறக்கவே கூடாது. பீடி, விளக்கு, கிரைண்டர் பொறி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சுடுநீரில் கலந்து, நன்றாகக் குலுக்கி, பலமுறை கழுவ வேண்டும். பிசினும் எண்ணெயும் படர்ந்திருக்கும் இடத்தில் அமிலம் துருவைத் தொடாது என்பதால் இது தவிர்க்க முடியாத படி. முதலில் கட்டங்காப்பி நிறத்தில் வரும் தண்ணீர் தெளிந்த பிறகே அடுத்த வேலை.

செதிலாக நிற்கும் துருவை உதிர்க்கச் சிலர் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவார்கள். ஜல்லி உடைந்து மூலைகளில் தங்கிவிடும்; அதனால் ஒரு சிறு சங்கிலியின் நுனியைக் கம்பியால் வெளியே கட்டிவைத்து உள்ளே விட்டுக் குலுக்குவது நல்லது, முழுதாக வெளியே எடுத்துவிடலாம்.

லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து, டேங்கின் வாய் விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் மேற்கூரையில் இருக்கும் துரு அப்படியே நின்றுவிடும். அங்குதான் அது அதிகம். சிறு குமிழிகள் எழும், கரைசல் மெல்ல நிறம் மாறும். ஒரு இரவு விட்டு, பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, தகடு சாம்பல் நிறமாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். துரு மிச்சமிருந்து கரைசல் களைத்துவிட்டால் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றலாம். வடித்த நீரைச் சமையல் சோடா போட்டு அடக்கிய பிறகும் வயல் வாய்க்காலில் விடாமல் இருப்பது நல்லது. சலவை சோடாக் கரைசலும் பேட்டரி சார்ஜரும் கொண்டு மின்சாரத்தால் எடுக்கும் முறையும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதில் ஹைட்ரஜன் வாயு வெளியேறும்; ஸ்டெயின்லெஸ் கம்பியை உள்ளே விட்டால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் கரைசலில் சேரும். பழக்கமில்லாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

இவ்வளவு வேலையும் வீணாவது கடைசி அரைமணி நேரத்தில்தான். துரு நீங்கிய வெறும் இரும்பு ஈரக் காற்றில் நிமிடக் கணக்கில் மஞ்சளாக மாறத் தொடங்கும். ஆகவே இந்த வேலையைச் சாரலில் தொடங்காமல், காற்று காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் ஒரு வெயில் நாளின் காலையில் முடிப்பதுபோல் வைத்துக்கொள்ள வேண்டும். அமிலத்தை வடித்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, நுரைப்பது நின்றபின் நல்ல தண்ணீரால் கழுவி, கடைசியாகக் கொதிக்கும் நீரை ஊற்றி டேங்கே சுடும்படி செய்து வடித்துவிட்டால், மிஞ்சிய ஈரம் தகட்டின் சூட்டிலேயே ஆவியாகும். உடனே டேப் வாய் வழியாகவும் மேல்வாய் வழியாகவும் புளோயரால் காற்று விட வேண்டும். ஸ்பிரிட் ஊற்றி ஈரம் எடுப்பவர்கள் எக்காரணம் கொண்டும் ஹேர் டிரையரை அருகில் கொண்டுவரக் கூடாது. அது தானாகத் திறந்தவெளியில் ஆவியாகட்டும். முழுதாக உலர்ந்து தகடு ஆறியதும் கொஞ்சம் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயிலைத் தாராளமாகக் கலந்து ஊற்றி, எல்லாப் பக்கமும் நனையும்படி டேங்கைப் புரட்டி எடுத்தால் மெல்லிய எண்ணெய்ப் படலம் உலோகத்தைக் காக்கும்.

உள்ளே பூசும் எபாக்ஸிக் கலவையை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. சரியாக ஒட்டாத பூச்சு எத்தனாலில் இளகி உரிந்து, துருவைவிட மோசமாக டேப்பை அடைக்கும். இருட்டறையில் உள்ளே சிறு எல்இடி விளக்கை விட்டுப் பார்க்கும்போது ஊசித்துளை தெரிந்தால், முன்பு பெட்ரோல் டேங்குகளில் பற்றுவைத்துப் பழகிய ஆளிடம் கொடுத்துப் பித்தளைப் பற்று வைப்பதே நிலைக்கும்.

மீண்டும் மாட்டும்போது டேப்புக்கும் மூடிக்கும் புதிய ரப்பர் வாஷர், புதிய பெட்ரோல் குழாய், இடையில் ஒரு ஃபில்டர் ஆகியவற்றுக்குச் செலவு பார்க்கக் கூடாது. விளிம்புவரை பெட்ரோல் நிரப்பி ஓட்டுங்கள். முதல் டேங்க் தீர்ந்ததும் மடிப்புகளில் ஒளிந்திருந்த பொடி கொஞ்சம் ஃபில்டரில் வந்து நிற்கும், அதைக் கழற்றி ஒருமுறை மாற்றிவிடுங்கள்.