எந்த உரிமையில் சொன்னேன்?

“அண்ணான்னு கூப்பிடுறீங்க. தங்கச்சியா இருந்திருந்தா முதல்ல என்கிட்டதானே பேசியிருப்பீங்க?”

பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பிய இரவில், வண்டி ஹெப்பால் மேம்பாலத்தைக் கடந்து நாகவாராவை நெருங்கும்போது, என் அணியில் வேலை செய்பவரும் நான் அண்ணா என்று அழைப்பவருமான அவர் இதைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அணியாக நாங்கள் சுற்றுலா போன மலேசியத் தீவான லங்காவியில் இருந்தவரை இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் இறங்கி, ராமமூர்த்தி நகருக்குப் போகவேண்டிய அவரும் கே.ஆர். புரத்துக்குப் போகவேண்டிய நானும் மட்டும் வண்டியில் எஞ்சும் வரை காத்திருந்து கேட்டார். “மேனேஜராவும் சொன்னேன், தங்கச்சியாவும் சொன்னேன் அண்ணா” என்று பதில் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன அந்தப் பதில் உண்மைதானா என்று அன்றிலிருந்து எனக்குள் விசாரித்துக்கொண்டே இருக்கிறேன்.

நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. லங்காவியின் செனாங் கடற்கரைப் படகுத்துறையில், கடலில் ஓட்டும் மோட்டார் வண்டியான ஜெட் ஸ்கியில் பயணம் புறப்படும் முன் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. இதய நோய் உண்டா, முதுகெலும்பில் கோளாறு உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்கும் ஒற்றைப் பக்கம். அணித் தலைவி என்பதால் தாள்களைச் சேகரித்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அவருடைய தாளில் எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று குறித்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு இதய இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் அது எனக்கும் மனிதவளத் துறைக்கும் மட்டுமே தெரியும். மருத்துவ விடுப்பு விண்ணப்பத்துடன் மருத்துவமனையின் அறிக்கை என் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. ஊரில் குடும்ப வேலை என்று அணியினரிடம் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார், நானும் அப்படியே சொன்னேன். அவ்வளவு நாள் காப்பாற்றிய செய்தியை, வண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வழிகாட்டியிடம், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், தாழ்ந்த குரலில் சொன்னேன்.

வழிகாட்டி பண்பறிந்த மனிதர். எதையும் வெளிக்காட்டாமல் அவரிடம் சென்று, முதல் வண்டியில் தன் பின்னால் அமர்ந்தால் எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்கலாம் என்று அழைத்தார். அவர் தனி வண்டிக்காகப் பெயர் கொடுத்திருந்தவர். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிக்கொண்டு ஏறி அமர்ந்தார்.

என் தரப்பு நியாயங்களைச் சொல்லவேண்டும், ஏனெனில் அவை இன்றும் எனக்கு வலுவானவையாகவே தெரிகின்றன. நம் ஊர்க் கடற்கரைகளில் ஜெட் ஸ்கி என்றால் பெரும்பாலும் ஓட்டத் தெரிந்தவர் நமக்குப் பின்னால் அமர்ந்து, கைப்பிடியைத் தானும் பற்றிக்கொண்டு, சில நிமிடங்கள் சுற்றிக்காட்டி இறக்கிவிடுவார். லங்காவியில் வழிகாட்டியுடன் செல்லும் பயணம் அப்படிப்பட்டதன்று. சற்று நேரப் பயிற்சிக்குப் பின் வண்டியை நாமே ஓட்ட வேண்டும். வழிகாட்டி முன்னால் செல்ல, மற்றவர்கள் இடைவெளி விட்டு வரிசையாகப் பின்தொடர்ந்து, தீவுகளுக்கு இடையிலும் திறந்த கடலிலும் சில மணி நேரம் செல்ல வேண்டும். முந்நூறு கிலோவைத் தாண்டும் எடை கொண்ட அந்த வண்டிக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியிலிருந்து நீரை உறிஞ்சி, பின்புறக் குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சித் தள்ளுவதால்தான் அது நகர்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் அந்தக் குழாய் திரும்புகிறது, அதனால் வண்டி திரும்புகிறது. ஆகவே வண்டியை முடுக்கும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டால் பீய்ச்சல் நின்றுவிடும், அதோடு வண்டியைத் திருப்பும் ஆற்றலும் போய்விடும். சாலையில் ஓட்டிப் பழகிய கை, எதிரே ஏதேனும் வந்தால் முதலில் விசையைத்தான் விடும். கடலில் அப்படிச் செய்பவர் எதைக் கண்டு அஞ்சினாரோ அதை நோக்கியே நேராகப் போய்ச் சேருவார். வழிகாட்டி இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தண்ணீரில் விழுந்தால், மணிக்கட்டில் மாட்டிய சுருள் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் விழுந்தவர் வண்டியின் பின்பக்கமாக வந்து, தன் உடலைத் தன் கைகளாலேயே தூக்கி மேலே ஏற வேண்டும். இவருக்கோ நீந்தத் தெரியாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு உள்ளே அடிபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. இத்தனையும் அறிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்து, அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், ராமமூர்த்தி நகரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி அவர் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பேன்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் செய்தது சரி என்ற இடத்துக்கு வந்துவிடுகிறேன்.

வந்த பிறகும் அங்கே நிற்க முடிவதில்லை.

அன்று கடலில் உண்மையான ஆபத்து அவரால் வரவில்லை. தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீரைக் கடந்து திறந்த கடலுக்கு வந்தபோது வழிகாட்டி கையை உயர்த்தி வேகத்தைக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்த எங்கள் அணியின் இளைஞர், வாரந்தோறும் நந்தி மலைக்குச் சைக்கிள் மிதிப்பவர், பதறி விசையை முழுவதுமாக விட்டுவிட்டார். அவர் கைப்பிடியை எவ்வளவு திருப்பியும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போயிற்று. வழிகாட்டி தன் வண்டியைச் சட்டென்று முடுக்கி விலக்கியதால் மோதல் நிகழவில்லை. அந்த முதல் வண்டியில், வழிகாட்டியின் முதுகைப் பற்றிக்கொண்டு, அவர் அமர்ந்திருந்தார். பாதுகாப்பு என்று கருதி நான் அவரை உட்கார வைத்த இடம் அது. இந்த நிகழ்ச்சியிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்பதை அறிவேன். தனி வண்டியில் அவர் போயிருந்தால் இதைவிட நன்றாக ஓட்டியிருக்கலாம், மோசமாகவும் ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் படிவம் கேட்ட கேள்விகளில் எதுவும் அந்த இளைஞரின் பதற்றத்தை முன்கூட்டிச் சொல்லியிராது.

பிறகு தாயாங் புந்திங் தீவில் இறங்கினோம். அங்கே சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஒன்று கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கும் நன்னீர் ஏரிக்குப் போகப் படிகள் ஏறி இறங்க வேண்டும். குரங்குகள் கைப்பைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்ததால் எல்லோருடைய கவனமும் அவற்றின் மேல் இருந்தது. என் கவனம் அவருடைய மூச்சின் மேல் இருந்தது. அவர் ஓரிடத்திலும் நிற்காமல், மூச்சு வாங்காமல், எங்களில் பலருக்கு முன்னால் ஏறிப் போனார். மேலே சென்று திரும்பியபோது நான் அவரைக் கவனித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். வீடு திரும்பும் வண்டியில் கேட்ட கேள்வி அந்தப் படியில்தான் அவருக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாகவாராவைத் தாண்டிய பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். நடை, படியேற்றம், பயணம் எதற்கும் தடை இல்லை என்று மருத்துவர் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. அடைப்பு இருந்தது, எடுத்துவிட்டார்கள். தனக்கு இப்போது நோய் இல்லை என்பதால்தான் ‘இல்லை’ என்று குறித்தேன் என்றார். இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. நடப்பதற்குக் கொடுத்த அனுமதி அலையில் குதிக்கும் வண்டிக்கும் பொருந்துமா என்று அவர் மருத்துவரிடம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் மருத்துவர் என்ன சொன்னார் என்று நானும் அவரிடம் கேட்டதில்லை. ஓராண்டுக்கு முந்தைய ஓர் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் இன்றைய உடலைப் பற்றி நான் முடிவு செய்தேன்.

ஏன் அவரிடம் முதலில் பேசவில்லை? இதற்கு என்னிடம் இரண்டு விடைகள் இருக்கின்றன. அணி முழுவதும் சூழ்ந்து நின்ற இடத்தில் அவரைத் தனியே அழைத்துப் பேசினால் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள், வழிகாட்டியிடம் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பது ஒன்று. அவர் மறுத்துவிட்டால் அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியாது என்ற அச்சம் மற்றொன்று. முதல் விடையை நான் மற்றவர்களிடம் சொல்வேன். இரண்டாவது அதற்குச் சற்றும் குறையாத உண்மை. கேட்டால் கிடைக்கக்கூடிய பதில் பிடிக்காது என்பதற்காக ஒருவரைக் கேட்காமல் விடுவது, அலுவலகத்தில் அதிகாரத்தில் இருப்பவர்கள் அடிக்கடி செய்வதுதான்.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் அதுகுறித்துப் பயிற்சி நடத்தினார்கள். ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த தகவலை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அதில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்பட்டது. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம் நேர்ந்தால், ஒப்புதல் பெறாமலும் தகவலைப் பயன்படுத்த அச்சட்டம் இடம் தருகிறது. நான் சட்டம் படித்தவள் அல்லள், அந்நிய மண்ணில் வாய்மொழியாகச் சொன்னதற்கு அது பொருந்துமா என்ற ஆராய்ச்சியும் எனக்கு வேண்டியதில்லை. அந்தப் பிரிவின் நியாயத்தை என்மேல் வைத்துப் பார்க்கிறேன். படகுத்துறையில் அவசரம் எதுவும் நேர்ந்திருக்கவில்லை, நேரலாம் என்ற என் அச்சம் மட்டுமே இருந்தது. நேர்ந்த பிறகு சொல்வதில் என்ன பயன் என்று உடனே மனம் கேட்கிறது. விடுப்புக்காகத் தந்த அறிக்கை விடுப்போடு நிற்கவேண்டும் என்று அதே மனம் பதிலும் சொல்கிறது.

அவர் அதை ஏன் மறைத்தார் என்பது எனக்குத் தெரியும் என்பதுதான் என்னை அதிகம் தொல்லைப்படுத்துகிறது. ஐம்பதைத் தாண்டிய மென்பொருள் சோதனைப் பொறியாளர் அவர். பெங்களூரு நிறுவனங்களில் அந்த வயதில் அணி உறுப்பினராகவே இருப்பவர்களின் நிலை எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த மென்பொருள் வெளியீட்டில், அக்கறையின் பெயரால் தன்னைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று விடுப்புக் கேட்ட அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். லங்காவிக்கு அவரைப்போல ஆவலுடன் வந்தவர் எங்களில் யாரும் இல்லை. அவர் தஞ்சாவூர்க்காரர். லங்காவி இருக்கும் கெடா மாநிலம்தான் நம் கடாரம் என்றும், 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடல் இது என்றும், விடுதிக்குப் போகும் வழியெல்லாம் கன்னட, தெலுங்கு நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கடலில் தன் கையால் ஒரு வண்டியை ஓட்ட வேண்டும் என்று விரும்பியவரை, எல்லோரும் பார்த்திருக்க, இன்னொருவரின் பின்னால் உட்கார வைத்தேன். நோயைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை என்பது உண்மை. அவர் பயந்துவிட்டார் என்றும் வயதாகிவிட்டது என்றும் அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவருக்கு எது மேல் என்று நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பிய சில வாரங்களில், இரவு நேர ஆதரவுப் பணிக்கான பட்டியலைத் தயாரித்தேன். தன் பெயரையும் சேர்க்கும்படி அவரே வந்து கேட்டார். வேறொருவராக இருந்தால் உறக்கம் கெடுமே என்று யோசிக்கச் சொல்லியிருப்பேன். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெயரைச் சேர்த்தேன். அவர் முடிவை மதித்துச் சேர்த்தேனா, படகுத்துறைக்கு ஈடு கட்டச் சேர்த்தேனா என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டாவதுதான் காரணம் என்றால், ஜெட் ஸ்கியில் காட்டிய அக்கறையை இரவுப் பணியில் கைவிட்டேன் என்றாகிறது. இரவு வேளையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தால் இப்போதும் ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் எடுக்கிறேன்.

மறுபடியும் அதே துறையில் நின்றால் வழிகாட்டியிடம் சொல்வேனா என்று கணவர் கேட்டார். சொல்வேன் என்றேன், தயங்காமல். அப்படிச் சொன்ன நானே, இவ்வாண்டு அந்தமான் பயணத்துக்கான ஏற்பாடு தொடங்கியபோது, உடல்நலப் படிவங்கள் எந்த மேலாளரின் கைக்கும் வரக் கூடாது, பயணிகள் நேரடியாகக் கடல் விளையாட்டு நடத்துபவரிடமே கொடுக்க வேண்டும் என்று மனிதவளத் துறைக்கு எழுதினேன். யாரேனும் மறைத்தால் அப்போது யார் சொல்வது என்று அங்கிருந்து கேட்டார்கள். படிவம் வாங்குபவரே ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்கட்டும் என்று பதில் எழுதினேன். அப்படிக் கேட்டாலும் மறைக்க நினைப்பவர் மறைப்பார்தான். ஆனால் அப்போது அவருக்கும் கடலுக்கும் நடுவில், அவருடைய சம்பள உயர்வை முடிவு செய்யும் ஒருத்தி நிற்க மாட்டாள். இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எதிர்முனையில் இருந்தவருக்கு அப்படித் தெரியவில்லை. இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அண்ணா அந்தமானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.