திருநின்றவூரில் பூசலார் கட்டிய கோயில்

சென்னை சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில், ஆவடியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திருநின்றவூர் வந்துவிடும். நானும் மனைவியும் ஒரு ஞாயிறு காலை கிளம்பினோம். அவளுக்கு இரவு ஷிஃப்ட், எனக்குப் பகல் வேலை. வார நாட்களில் எங்களுக்குள் பேச்சே பால், கேஸ், தவணைத் தேதி என்று முடிந்துவிடும். "வீட்டுக் கடன் அடையட்டும், அப்புறம் நிதானமா இருக்கலாம்" என்று இருவரும் சொல்லிக்கொள்வோம்.

இருதயாலீசுவரர் கோயில் சின்னதுதான். இதய நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொள்ள வரும் தலம். கருவறையில் சிவலிங்கத்தோடு பூசலார் நாயனாரும் இருக்கிறார். கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்து, பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அவர் கதையை மனைவிக்குச் சொன்னேன்.

பூசலாருக்குச் சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசை. எங்கெங்கோ பொருள் தேடியும் கிடைக்கவில்லை. சரி, மனத்திலேயே கட்டுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். மனத்திலேயே தச்சர்களைத் தேடி, நல்ல நாள் பார்த்து, அடிநிலையில் தொடங்கினார். இரவிலும் தூங்கவில்லை. சிகரம் முடித்துச் சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளமும் தோண்டினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ அரசன் பெரும் பொருள் செலவழித்துக் கற்கோயில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். அது இன்றைய கைலாசநாதர் கோயில் என்பார்கள். சிவன் அவன் கனவில் வந்து, "நாளை நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குள் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றார். அரசன் இந்த ஊருக்கு ஓடி வந்து விசாரித்தால், அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள்.

"கிணறுகூட வெட்டினாராங்க?" என்று கேட்டாள் மனைவி. ஆமாம், சாமிக்கு அபிஷேகம் செய்யத் தண்ணீர் வேண்டுமே! காசில்லாத மனிதர் அதைக்கூட யோசித்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. அன்பு என்றால் இதுதான் என்று தோன்றியது. நாங்களோ கையில் பணம் சேரட்டும் என்று அந்த அன்பையே ஒத்திவைத்துக்கொண்டு இருக்கிறோம். அவர் ஒரு நாளும் ஒத்திவைக்கவில்லை.

அதே ஊரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இருக்கிறது, 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கே தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர். அந்தச் சந்நிதியை விட்டு வர மனைவிக்கு மனமே இல்லை. அவசரப்படுத்தாமல் நானும் பக்கத்திலேயே நின்றேன்.

ஐப்பசி அனுஷத்தில் பூசலார் குருபூஜை. வேலை நாளாக இருந்தாலும் இருவரும் விடுப்பு எடுத்து வருவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டோம்.