"அவர் மேஜர், அவரே வரட்டும்": மகனைச் சிகிச்சையில் சேர்த்த கதை

எங்கள் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். தினமும் குடித்துக்கொண்டிருந்த 27 வயது மகனை "இன்றிலிருந்து ஒரு சொட்டு கூடாது" என்று வீட்டிலேயே உட்கார வைத்தோம். அன்று சாயங்காலமே கை நடுக்கம், வியர்வை. திருந்துகிறான் என்று நினைத்தேன், மடச்சி. மறுநாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது.

வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதற்கப்புறமும் இல்லாதது கண்ணில் தெரிந்து பிதற்றும் நிலை வரலாம், உயிரே போகலாம் என்று அவசரப் பிரிவில்தான் சொன்னார்கள். தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

ஐந்து நாள் மருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, வீடு. முடிந்தது என்று நினைத்தோம். உடம்பிலிருந்து சாராயம் இறங்கியதே தவிர, சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை என்பது மூன்றாவது வாரம் அவன் மறுபடி குடித்துவிட்டு வந்தபோதுதான் உறைத்தது.

மறுவாழ்வு மையத்துக்கு நான் மட்டும் இரண்டு தடவை போனேன். வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவர் மேஜர், அவரே வரட்டும்" என்றார். மூன்றாவது தடவை கெஞ்சிக் கூத்தாடி அவனையே கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்றார்கள். அது வீட்டு அலமாரியில். "நாளைக்கு வாங்க." அவன் மனசு நாளை வரைக்கும் நிற்குமா? அன்றைக்கு ராத்திரியே குடித்தான். ஒரு காகிதத்தால் ஒன்றரை மாதம் போயிற்று. சம்மரி, மாத்திரைச் சீட்டு, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். அவன் "சரி" என்று சொல்லும் நேரம் ரொம்பக் கொஞ்சம்.

இதற்கு நடுவில் ஒரு உறவுக்காரர், "குடித்தால் உடம்பைப் படுத்தி எடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடு, தெரியவே தெரியாது" என்றார். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன். செம திட்டு. அந்த மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் படுத்துவிடும், ஆளே போய்விடலாம் என்றார்.

நான்காவது தடவை சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எப்படி இருக்கிறான் என்று போன் செய்தால் வாயே திறக்கவில்லை. ஒரு கவுன்சிலர்தான் வழி காட்டினார்: "அவர் அனுமதி இல்லாமல் நாங்கள் எதுவும் சொல்லக் கூடாது. நீங்கள் சொல்வதைக் கேட்கலாமே." அன்றே வலிப்பு வந்த கதை, ஒளித்து வைக்கும் இடம், தூங்காத நாட்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் காலை, அவன் தெளிவாக இருந்த நேரத்தில், அம்மாவிடம் பேசலாம் என்ற படிவத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். அதைக் கேட்டு எல்லாரும் அழுதோம். பிரசவ அறைக்கு வெளியேகூட எங்கள் வீட்டில் யாரும் அப்படி அழுததில்லை.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு நாள் சறுக்கினான், மறுநாள் அவனே கவுன்சிலரைக் கூப்பிட்டான். கையில் பணம் கொடுப்பதில்லை, போன் பில்லை நானே கட்டிவிடுகிறேன். அந்தப் பையை எடுத்து உள்ளே வைக்கச் சொல்கிறார் இவர். இருக்கட்டும் என்றுவிட்டேன்.