ஈஸ்ட் ஹாம் நாட்குறிப்பு: சொந்தத் தொழில், பேறுகாலப் பணம், கைக்குழந்தை

2 ஜூன் 2025, திங்கள்

எல்லாக் குறிப்புக்கும் ஒரு மாதிரிக் கணக்கையே வைத்துக்கொள்வோம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்து, நூலால் புருவம் திருத்தும் த்ரெட்டிங்கும் செய்து தரும் ஒரு பெண். பிரசவத் தேதி 15 அக்டோபர் 2025, புதன். கணவருக்குச் சம்பள வேலை. இவருக்கு முதலாளி இல்லை என்பதால் முதலாளி தரும் பேறுகாலச் சம்பளமும் இல்லை. இவருக்கு உரியது அரசாங்கம் தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸ்: 39 வாரம், 2025-26 நிதியாண்டில் வாரத்துக்கு அதிகபட்சம் 187.18 பவுண்ட். இதற்கு வரி இல்லை.

அரசாங்கக் கணக்கில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். எனவே இவருடைய பிரசவ வாரம் 12 அக்டோபர் ஞாயிறு தொடங்குகிறது. அங்கிருந்து 66 வாரம் பின்னால் போனால் 7 ஜூலை 2024. அந்த நாளிலிருந்து 11 அக்டோபர் 2025 சனி வரை உள்ள காலத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்குள் 26 வாரம் தொழிலில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை, ஒரு வாரத்தில் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் முழு வாரமாகவே எடுத்துக்கொள்வார்கள். இடையில் ஊருக்குப் போய் வந்ததை நினைத்துக் கலங்க வேண்டாம்.

பிரசவத் தேதியை உறுதிப்படுத்தும் மேட் பி 1 சான்றிதழை மிட்வைஃப் (பேறுகாலச் செவிலி) அல்லது டாக்டர், கர்ப்பம் 20 வாரம் கடந்த பிறகே தர முடியும். கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: பிரசவத் தேதி, கையெழுத்து, மிட்வைஃப் என்றால் அவருடைய பதிவு எண், டாக்டர் என்றால் முத்திரை. ஒன்று விடுபட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரும். வீட்டுக்கு வந்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

13 ஜூன், வெள்ளி

இன்றைய விஷயம்தான் ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் பெறுமானமுள்ளது. கிளாஸ் 2 நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது சொந்தத் தொழில்காரர்கள் அரசாங்கத்துக்குக் கட்டும் சமூகக் காப்பீட்டுக் கட்டணம்.

சம்பளக்காரர்களுக்கு உண்மையான வருமானத்தை வைத்து அலவன்ஸைக் கணக்கிடுகிறார்கள். சொந்தத் தொழில்காரர்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் வாரம் 600 பவுண்டுக்குத் தைத்திருந்தாலும் அந்த எண்ணை யாரும் பார்க்கப் போவதில்லை. 66 வாரத்தில் 13 வாரத்துக்குக் கிளாஸ் 2 கட்டியிருந்தால் முழுத் தொகை. ஒரு வாரத்துக்கும் கட்டவில்லை என்றால் வாரம் 30 பவுண்ட் மட்டும் சம்பாதித்ததாக வைத்து அதில் 90 சதவீதம், அதாவது 27 பவுண்ட் தருவார்கள். 13-க்குக் குறைவாகக் கட்டியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 27 பவுண்ட் வீதம் 39 வாரத்துக்கு 1,053. 187.18 வீதம் 39 வாரத்துக்கு 7,300. இந்த 2025-26 நிதியாண்டில் கிளாஸ் 2 வாரத்துக்கு 3.50 பவுண்ட், 13 வாரத்துக்கு 45.50. அதைக் கட்டாமல் விட்டுத்தான் பலர் 6,247 பவுண்டை இழக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கிளாஸ் 2 செல்ஃப் அசெஸ்மென்ட் கணக்கோடு, அதாவது நாமே கொடுக்கும் ஆண்டு வரிக் கணக்கோடு சேர்ந்தது. 2024-25 கணக்கைக் கொடுக்க 31 ஜனவரி 2026 வரை நேரம் இருக்கிறது, குழந்தையோ அக்டோபரிலேயே வந்துவிடும். கணக்குக் கொடுக்காத வரை உங்கள் பெயரில் அந்த ஆண்டுக்கு ஒன்றும் பதிவாகியிருக்காது. அதனால் 2024-25 கணக்கை இந்த மாதமே முடித்துக் கொடுத்துவிடுங்கள், ஜனவரி வரை காத்திருக்கக் காரணமே இல்லை. அந்த ஆண்டின் லாபம் 6,725 பவுண்டுக்குக் குறைவு என்றால் கிளாஸ் 2 தானாக வராது. படிவத்தில் விருப்பக் கட்டணத்துக்கான கட்டத்தில் குறியிட்டு நீங்களே கட்ட வேண்டும்.

அப்படியும் போதாமல் போனால், அலவன்ஸுக்கு விண்ணப்பித்த பிறகு வரித் துறையான எச்எம்ஆர்சி கடிதம் அனுப்பும்: முன்கூட்டியே கட்டினால் முழுத் தொகை பெறலாம், இப்படிக் கட்டுங்கள் என்று. விளம்பரக் கடிதம் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் கட்டும்போது கடிதத்தில் உள்ள எண்ணையே குறிப்பாகப் போடுங்கள். வழக்கமான வரி எண்ணைப் போட்டால் பணம் வரிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், கிளாஸ் 2-ல் ஏறாது.

இதற்கெல்லாம் அடிப்படை, தொழிலைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது. ஆண்டு வரவு 1,000 பவுண்டுக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை என்று சொல்வது வரியைப் பொறுத்த வரைதான் சரி. விருப்பக் கட்டணம் கட்ட வேண்டுமானால் வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

9 ஜூலை, புதன்

இன்றோடு கர்ப்பம் 26 வாரம். விண்ணப்பத்தை இன்றிலிருந்து கொடுக்கலாம். படிவத்தின் பெயர் எம்ஏ 1, கூடவே அசல் மேட் பி 1.

பகுதிநேரமாகக் கடையிலோ பள்ளியிலோ சம்பளத்துக்கும் போகிறவர்கள் முதலில் அந்த முதலாளியிடம் கேளுங்கள். அங்கே பேறுகாலச் சம்பளத்துக்குத் தகுதி இருந்தால் அலவன்ஸ் கிடைக்காது, அதே நேரம் அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே வீட்டில் தையலைத் தொடரத் தடையும் இல்லை. தகுதி இல்லையென்றால் முதலாளி எஸ்எம்பி 1 என்ற படிவத்தைத் தர வேண்டும், அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

விசாவில் வருகிறவர்கள் அதிகம் பயப்படும் இடம் இது. மெட்டர்னிட்டி அலவன்ஸ் பொது நிதிப் பட்டியலில், அதாவது பல விசாக்காரர்கள் வாங்கக் கூடாத அரசு உதவிகளின் பட்டியலில் இல்லை. தொழில் செய்ய விசா அனுமதித்தால், பொது நிதி கூடாது என்று எழுதியிருந்தாலும் இதை வாங்கலாம். பிள்ளைகளுக்காகத் தரும் சைல்ட் பெனிஃபிட்டும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தரும் யூனிவர்சல் கிரெடிட்டும் அப்படியல்ல. அவை பட்டியலில் உள்ளவை, தொடாதீர்கள்.

28 ஜூலை, திங்கள்

கணவர் கடை வைத்திருக்கிறார், மனைவி தினமும் கல்லாவில் நிற்கிறார், சம்பளம் என்று எதுவும் எடுப்பதில்லை. எங்கள் கடைவீதியான ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும். கணவர் பதிவு செய்த சொந்தத் தொழில்காரராக இருந்து, மனைவி அந்த 66 வாரத்தில் 26 வாரம் உதவியிருந்தால், வாரம் 27 பவுண்ட் வீதம் 14 வாரத்துக்கு அவருக்கும் அலவன்ஸ் உண்டு. மொத்தம் 378 பவுண்ட். சிறிய தொகைதான், ஆனால் உரிமைத் தொகை.

கடை லிமிடெட் கம்பெனி என்றால் இந்த வழி அடைபடும். அங்கே மனைவிக்குச் சம்பளம் போட்டு, முறையாகப் பேரோலில் (சம்பளப் பதிவில்) காட்டியிருந்தால் பேறுகாலச் சம்பளமே கிடைக்கும்: முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், பிறகு 33 வாரம் 187.18 வரை. சிறிய நிறுவனம் என்றால் 2025-26-ல் அதை அரசாங்கத்திடமிருந்து 108.5 சதவீதமாகத் திரும்பப் பெறலாம். சராசரிச் சம்பளம் 2025-26-ல் வாரத்துக்கு 125 பவுண்டாவது இருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு அவசரமாகப் பெயரைச் சேர்ப்பது உதவாது, பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்னால் வரும் வாரத்தில் 26 வார வேலை பூர்த்தியாகியிருக்க வேண்டும்.

18 ஆகஸ்ட், திங்கள்

யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிற குடும்பங்களுக்கு. முதலாளி தரும் பேறுகாலச் சம்பளத்தை அங்கே சம்பாத்தியமாக எடுத்துக்கொள்வதால் கொஞ்சம்தான் கழிப்பார்கள். மெட்டர்னிட்டி அலவன்ஸைச் சம்பாத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை, பவுண்டுக்குப் பவுண்ட் கழிக்கிறார்கள். வாரம் 187.18 என்பதை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 811.11. அவ்வளவும் கிரெடிட்டிலிருந்து போகும். ஒரே நாட்டில் ஒரே காரணத்துக்காக வேலையை நிறுத்துகிற இரண்டு பெண்களை இப்படி வேறாக நடத்துவது அநியாயம். என்னால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே இரண்டும் முழுதாக வரும் என்று நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள். முதல் குழந்தை என்றால் 500 பவுண்ட் ஷ்யூர் ஸ்டார்ட் மெட்டர்னிட்டி கிராண்ட் உண்டு. பிரசவ வாரத்துக்கு 11 வாரம் முன்பிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை கேட்கலாம், யூனிவர்சல் கிரெடிட் கையில் இருக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, இவ்வளவாவது சம்பாதித்திருப்பீர்கள் என்று கிரெடிட்காரர்கள் ஊகித்துப் போடும் குறைந்தபட்ச வருமானக் கணக்கு முதன்மையாகப் பார்த்துக்கொள்ளும் தாய்க்குப் பொருந்தாது. அதைப் போட்டுக் கழித்திருந்தால் உங்கள் கிரெடிட் ஆன்லைன் கணக்கில் உள்ள ஜர்னலில் எழுதிக் கேளுங்கள்.

15 செப்டம்பர், திங்கள்

தீபாவளி 20 அக்டோபர், பிரசவத் தேதியிலிருந்து ஐந்து நாள். தையல்காரருக்கு ஆண்டின் பெரிய வரவு இந்த வாரங்களில்தான். அலவன்ஸை 27 ஜூலையிலேயே தொடங்கியிருக்கலாம், ஆனால் உடம்பு இடம் கொடுத்தால் தள்ளிப்போடுவதே நல்லது. 39 வாரம் 39 வாரமாகவே இருக்கும், தொடங்கும் நாள் மட்டும்தான் நகரும். மாதிரிக் கணக்கில் 5 அக்டோபர் ஞாயிறு என்று வைப்போம். தீபாவளி பிளவுஸ்களை அதற்கு முந்தைய வாரமே கொடுத்து முடிக்கும்படி ஆர்டர் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நேற்றிலிருந்து, அதாவது பிரசவ வாரத்துக்கு முந்தைய நான்கு வாரத்துக்குள், கர்ப்பம் தொடர்பான உபாதையால் வேலையை நிறுத்தினால் அலவன்ஸ் தானாகத் தொடங்கிவிடும். சாதாரண ஜலதோஷம் இதில் சேராது. குழந்தை முந்திக்கொண்டால் பிறந்த மறுநாளிலிருந்து தொடங்கும்.

தொடங்கிய பிறகு மொத்தம் 10 நாள் வேலை செய்யலாம். இங்கேதான் வீட்டுத் தொழிலில் வழுக்குகிறது. தெரிந்தவர் கதவைத் தட்டி, புருவம் மட்டும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுங்கள் என்பார். அந்த ஐந்து நிமிஷமும் ஒரு நாள்தான். பத்தைத் தாண்டினால் அலவன்ஸ் வெட்டப்படும். தையல் மெஷின் பக்கத்தில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு, வேலை செய்த நாளை வட்டமிடுங்கள். பத்து நாளையும் சில்லறையாகச் செலவழிக்காமல் பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள், நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கலாம்.

27 அக்டோபர், திங்கள்

காகித வேலை. பிறப்பை 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், குழந்தை பிறந்த மருத்துவமனை இருக்கும் பகுதியின் அலுவலகத்தில். சைல்ட் பெனிஃபிட் 2025-26-ல் முதல் குழந்தைக்கு வாரம் 26.05 பவுண்ட், அடுத்தவர்களுக்கு 17.25. பழைய பாக்கி மூன்று மாதத்துக்கு மட்டுமே தருவார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஜனவரி வரிக்கு இப்போதே ஒரு வேலை. கடந்த ஆண்டு லாபத்தை வைத்து இந்த ஆண்டுக்கு முன்பணம் கேட்பார்கள், 31 ஜனவரியிலும் 31 ஜூலையிலும். பேறுகாலத்தில் லாபம் விழும் என்பதால் அதைக் குறைக்கும்படி ஆன்லைனில் கேட்கலாம். பூஜ்யம் என்று போட்டுவிடாதீர்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை சம்பாதித்தது இருக்கிறது, அளவுக்கு மீறிக் குறைத்தால் வட்டி விழும்.

17 நவம்பர், திங்கள்

எல்லோரும் பிரசவத்தைச் சுற்றியே திட்டம் போடுகிறார்கள். உண்மையான பள்ளம் ஜூலையில் இருக்கிறது.

அலவன்ஸ் 4 ஜூலை 2026 சனியோடு முடிகிறது. இங்கிலாந்தில் வேலை செய்யும் பெற்றோருக்கான 30 மணி நேர இலவச நர்சரி, குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்த பிறகு வரும் பள்ளிப் பருவத்தில்தான் தொடங்கும். இந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம் 15 ஜூலை, நர்சரி 1 செப்டம்பர். நடுவில் எட்டு வாரத்துக்கும் மேல் அலவன்ஸும் இல்லை, இலவச நர்சரியும் இல்லை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான், மூத்த பிள்ளையும் வீட்டில் இருக்கும்.

ஊரிலிருந்து வரும் அம்மா ஒரு வருகையில் ஆறு மாதம்தான் தங்கலாம். அக்டோபர் தொடக்கத்தில் வந்தால் ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்ப வேண்டும், ஜூலையில் கைகொடுக்க இருக்க மாட்டார். பத்தியச் சாப்பாட்டுக்கும் குழந்தையைக் குளிப்பாட்டவும் அம்மா வேண்டும்தான். ஆனால் ஆறு மாதத்தையும் குளிர்காலத்தில் கரைக்காமல், பிறந்ததும் எட்டு வாரம், ஜூலை ஆகஸ்டில் எட்டு வாரம் என்று பிரித்துவிடுங்கள். அதற்கு ஆறு மாத விசா போதாது, இரண்டு ஆண்டு விசா எடுக்க வேண்டும். 2025-ல் அதன் கட்டணம் 475 பவுண்ட், ஆறு மாத விசாவுக்கு 127. பேரப்பிள்ளையைப் பார்க்க வருவதாகத்தான் அந்தப் பயணம் இருக்க வேண்டும். சம்பளம் கொடுத்து ஆயாவாக வைத்துக்கொள்வது விதிமீறல்.

நர்சரியிடம் இப்போதே கேட்டுப் பெயரைப் பதியுங்கள். 30 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 38 வாரம், மொத்தம் 1,140 மணி. ஆண்டு முழுக்கப் பரப்பித் தரும் நர்சரி என்றால் வாரத்துக்கு 22 மணி நேரம் போலத்தான் வரும். சாப்பாடு, நாப்பி கட்டணம் தனியா என்றும் கேளுங்கள்.

தகுதிக்கு வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு லாபம் வேண்டும், தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாக. வரவு அல்ல, லாபம். வரும் மூன்று மாதத்தைக் காட்டலாம், அல்லது நிதியாண்டுச் சராசரியைக் காட்டலாம். இவருக்கு மூன்று மாதமே மேல், ஏனென்றால் ஆண்டுச் சராசரியில் அலவன்ஸ் மாதங்களும் சேர்ந்து இழுத்துவிடும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையோ மறுபடி தீபாவளி வேலை. தொழில் தொடங்கி 12 மாதம் ஆகாதவர்களுக்கு இந்தக் குறைந்தபட்ச லாப நிபந்தனையே கிடையாது. நர்சரிக்குக் கொடுக்கும் குறியீட்டு எண் 31 ஆகஸ்டுக்குள் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த பருவம் ஜனவரியில்தான். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆன்லைனில் போய் உறுதிப்படுத்த வேண்டும்.